கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு ஓயாமல் நனைகிறதா? யூராலஜி வார்டில் 14 வருடம் இருந்த ஒரு நர்ஸ் எழுதுவது

என் மதினிக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது வயது 44. நார்த்திசுக்கட்டி, மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. ஊருக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோமில் ஆபரேஷன். ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். ஒன்பதாம் நாள் தையல் பிரித்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, இறங்க எழுந்தவருக்குப் பின்பக்கம் சேலை நனைந்திருந்தது. கையிலிருந்த துணிப்பையைப் பின்னால் பிடித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

அன்று ராத்திரி எனக்குப் போன் செய்தார். நான் அப்போது எலும்பு முறிவு வார்டில் வேலை. "வெள்ளைப்படுதலா இருக்கும் மதினி, உள்காயம் ஆறுற வரைக்கும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நாலு மாதம் அவர் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கோவில் கொடைக்கு ஊருக்குப் போனபோதுதான் பார்த்தேன். கொல்லைக் கொடியில் பழைய சேலையைக் கிழித்த துண்டுகள் இருபதுக்கும் மேல் காய்ந்துகொண்டிருந்தன. அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது.

அடுத்த வருடம், மூத்திரப்பை, கிட்னிக் கோளாறுகளுக்கு ஆபரேஷன் செய்யும் யூராலஜி வார்டுக்கு நானே மாற்றல் கேட்டு வாங்கிப் போனேன். அங்கே பார்த்ததையும் செய்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். நனைகிறவருக்காகவும் எழுதுகிறேன், போனில் என்னைப் போல அவசரப்பட்டு பதில் சொல்கிறவருக்காகவும்.

கசிவது மூத்திரமா, வேறு எதுவுமா?

வெள்ளைப்படுதல் வரும், நிற்கும், கெட்டியாக இருக்கும், துணியில் கறை பிடிக்கும். தும்மினால், இருமினால், குடம் தூக்கினால் மட்டும் சொட்டுகிற மூத்திரக் கசிவு வேறு கதை. அது தசைத் தளர்ச்சி. உட்கார்ந்தாலும் நின்றாலும் தூங்கினாலும் விடாமல் கசிந்தால், அதுவும் ஆபரேஷன் முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கியிருந்தால், அதை ஓட்டை என்று எண்ணித்தான் ஆரம்பிக்க வேண்டும். டாக்டர்கள் ஃபிஸ்டுலா என்பார்கள். மூத்திரப்பைக்கும் பிறப்புறுப்புப் பாதைக்கும் நடுவில் விழுந்த பொத்தல் அது.

ஆபரேஷன் அன்று இல்லாதது ஒரு வாரம் கழித்து ஏன் வருகிறது என்று எல்லாரும் கேட்பார்கள். கர்ப்பப்பையின் முன்பக்கம் மூத்திரப்பை ஒட்டிக்கொண்டிருக்கும். ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கு அந்த ஒட்டல் இன்னும் இறுக்கம். பிரித்தெடுக்கும்போது பையின் சுவரில் தையல் மாட்டலாம், ரத்தத்தை நிறுத்த வைக்கும் சூடு படலாம். அந்த இடத்துக்கு ரத்தம் போவது நின்று, சதை மெல்லச் செத்து, சில நாளில் உதிர்ந்து ஓட்டை திறந்துகொள்ளும். பிரசவம் நாள்கணக்கில் இழுத்து, குழந்தையின் தலை அடிவயிற்று எலும்போடு பையை நசுக்கினாலும் இதே கதைதான். நம் பக்கம் அது குறைந்துவிட்டது. எங்கள் வார்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் கர்ப்பப்பை எடுத்தவர்கள்.

வீட்டில் கிடைக்கும் ஒரு சின்னத் துப்பு உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு பீ-காம்ப்ளெக்ஸ் மாத்திரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது மூத்திரத்தைப் பளிச்சென்று மஞ்சளாக்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் பேடும் அதே மஞ்சளானால், வெள்ளைப்படுதல் என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். இது வெறும் துப்பு, பரிசோதனை ஆகாது.

டாக்டரிடம் போகும் முன் ஒரு நாள் கணக்கு

ஒரு முழு நாள், காலை 6 முதல் மறுநாள் காலை 6 வரை, பழைய நோட்டில் எழுதுங்கள். எத்தனை பேடு அல்லது துணி மாற்றினார், எந்த நேரத்தில், சொட்டச்சொட்டவா லேசான ஈரமா. அதைவிட முக்கியமான கேள்வி, நனைவதோடு கூடவே வழக்கம்போல ஒண்ணுக்கும் வருகிறதா, எத்தனை தடவை, எவ்வளவு?

ஏன் கேட்கிறேன் என்றால், ஓட்டை பையில் இல்லாமல் கிட்னியிலிருந்து பைக்கு வரும் குழாயிலும் இருக்கலாம். யூரிட்டர் என்கிற அந்தக் குழாய், கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளத்தின் அடியில் நுழைந்து போகிறது. நாளத்தைக் கட்டும்போது அதுவும் மாட்டிக்கொள்வதுண்டு. அப்படி ஒரு பக்கக் குழாய் கிழிந்தால் அந்தப் பக்க மூத்திரம் கீழே கசியும். மறுபக்கக் கிட்னி பையை நிரப்புவதால் ஒண்ணுக்கும் ஒழுங்காக வரும். பெரிய ஓட்டை பையிலேயே இருந்தால் ஒண்ணுக்குப் போகவே தோன்றாது, எல்லாம் கீழேயே போய்விடும். பையில் சின்ன ஓட்டை என்றால் இரண்டும் நடக்கும். ஆகவே இதை வைத்து நீங்களே முடிவு கட்டாதீர்கள், எழுதி மட்டும் கொடுங்கள். மலமோ வாயுவோ அந்த வழியாக வந்தால் அதையும் வெட்கப்படாமல் எழுதுங்கள். அது வேறு ஓட்டை, வேறு ஆபரேஷன்.

நோட்டெல்லாம் வேண்டாம், அன்றைக்கே கிளம்புங்கள் என்று சொல்லும் அறிகுறிகளும் உண்டு. குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்கமாகக் குத்துகிற வலி, வயிறு உப்பி வாந்தி, மூத்திரமே குறைந்துபோவது. குழாய் அடைபட்டுக் கிட்னி வீங்கினால் இப்படி வரும். கசிவை நாலு நாள் பொறுத்துக்கொள்ளலாம். கிட்னி அப்படிப் பொறுக்காது.

முதல் ஆபரேஷன் நடந்த இடத்தில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கினால் போதாது. ஆபரேஷன் நோட்ஸ், எடுத்த கர்ப்பப்பையின் பயாப்ஸி ரிப்போர்ட், பழைய ஸ்கேன் எல்லாம் வேண்டும். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதிமுறையிலேயே இருக்கிறது. என் அண்ணன் போன வேகத்தில் சத்தம் போட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். நான் மறுபடி போய், தணிந்த குரலில் கேட்டு, ஜெராக்ஸ் எடுத்துவந்தேன். இந்தக் காயம் நல்ல கைகாரர்களிடமும் நடக்கக்கூடியதுதான். நடந்ததை மறைத்தால்தான் தப்பு. எதுவானாலும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் பேப்பர்.

போக வேண்டிய இடம் யூராலஜி துறை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துப் போங்கள். எந்த ஊரில் எது என்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம்.

மூன்று பஞ்சும் நீல மருந்தும்

அங்கே செய்யும் முதல் சோதனையைக் கேட்டே பல பெண்கள் பயந்து வராமல் இருந்துவிடுகிறார்கள். நான் நூற்றுக்கணக்கில் கூட நின்று செய்தது, ஒன்றும் பயப்பட வேண்டாம்.

மேஜையில் படுக்க வைத்து, பிறப்புறுப்புப் பாதையில் மூன்று பஞ்சு உருண்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்போம். மூத்திரப்பைக்குள் சின்ன டியூப் விட்டு, மெத்திலீன் ப்ளூ என்கிற நீல மருந்து கலந்த தண்ணீரை மெல்ல ஏற்றுவோம். கொஞ்சம் எழுந்து நடக்கச் சொல்வோம். பிறகு பஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைப்போம். மேல் பஞ்சு நீலமென்றால் ஓட்டை பையில். மேல் பஞ்சு நனைந்திருக்கிறது, ஆனால் நீலமே இல்லை என்றால் மூத்திரம் குழாயிலிருந்து வருகிறது. கடைசிப் பஞ்சு மட்டும் நீலமென்றால், பையிலிருந்து மூத்திரம் வெளியேறும் வழியான மூத்திரத் தாரையின் பக்கம் பார்க்க வேண்டும், அல்லது டியூபைச் சுற்றி வழிந்ததாகவும் இருக்கலாம். மொத்தம் அரை மணி நேரம். அப்புறம் ஒரு நாள் மூத்திரம் நீலமாகவோ பச்சையாகவோ போகும், மிரள வேண்டாம்.

மதினியின் மேல் பஞ்சு ஒரு பக்கம் மட்டும், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீலமாக இருந்தது. அவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ நெசமாவே ஓட்டைதானா? என் மனசுதான் சரியில்லைன்னு நெனச்சேன்" என்றார். நாலு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நீலம் கண்டாலும் அதோடு நிறுத்த மாட்டார்கள், நிறுத்தவும் விடாதீர்கள். பையில் ஓட்டை இருக்கும் சிலருக்குக் குழாயிலும் காயம் இருக்கும். அதனால் சிஸ்டோஸ்கோப்பி என்ற கேமரா சோதனையும், மருந்து செலுத்தி எடுக்கும் சிடி யூரோகிராமும் உண்டு. சிடிக்கு முன்னால், கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு பார்ப்பார்கள். புற்றுநோய்க்குக் கரண்ட் வைத்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு வைத்தியமே மாறும்.

காத்திருக்கும் மாதங்கள்

ஓட்டை மிகச் சின்னது, சீக்கிரம் கண்டுபிடித்தாயிற்று என்றால், சில வாரம் டியூப் போட்டு வைத்தே சிலருக்கு மூடிக்கொள்கிறது. குழாய்க் காயத்துக்கு முதலில் டிஜே ஸ்டென்ட் என்கிற மெல்லிய டியூபைக் குழாய்க்குள் வைத்துப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் குழாயை மறுபடி பையில் பொருத்தும் ஆபரேஷன். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீக்கம் வடிந்து சதை பதமாகும் வரை ஆறு வாரம், மூன்று மாதம் என்று தள்ளிவைப்பார்கள். அலைக்கழிக்கிறார்கள் என்று கோபம் வரும். புண்ணாக இருக்கிற சதையில் போட்ட தையல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். முதல் தடவை செய்யும் ஆபரேஷனுக்குத்தான் வெற்றி வாய்ப்பு அதிகம் என்பதால் அதை அவசரத்தில் வீணாக்கக் கூடாது.

இந்தக் காத்திருப்பில் எல்லாரும் செய்யும் ஒரே தப்பு, தண்ணீரைக் குறைப்பது. குடித்தால்தானே கசியும் என்று மதினி ஒரு நாளைக்கு மூன்று டம்ளரில் நிறுத்தியிருந்தார். மூத்திரம் கெட்டியாகி நாற்றம் கூடும், தொடை வெந்துபோகும், கல் சேரும். இரண்டரை லிட்டராவது குடிக்க வேண்டும். தண்ணீர் கூடினால் வாடை குறைவதை இரண்டே நாளில் பார்க்கலாம்.

தொடைக்கு டெட்டால் வேண்டாம், பவுடர் வேண்டவே வேண்டாம். ஈரத்தில் பவுடர் மாவாகி உரசும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஜிங்க் ஆக்ஸைடு களிம்போ வாசலினோ மெல்லிசாகத் தடவுங்கள். தண்ணீர் ஒட்டாமல் உருள வேண்டும், அவ்வளவு போதும். வெளியே போகப் பெரியவர்களுக்கான டயபர். வீட்டில் பருத்தித் துணி மடித்து, வெயிலில் காயவைத்து. மறைவாக நிழலில் காயப்போட்டால் பூஞ்சை பிடித்து அரிப்பு வேறு சேரும். ரத்தம் குறைவாக இருந்தால் இந்த இடைவெளியிலேயே ஏற்றிவிட வேண்டும். முட்டை, பயறு, கீரை, டாக்டர் கொடுக்கும் இரும்பு மாத்திரை. அப்புறம் படுக்கை. மதினி தானாகவே திண்ணைக்குப் பாயை மாற்றிக்கொண்டிருந்தார். கட்டிலில் ரப்பர் ஷீட் விரித்து அவரை உள்ளே வரச் சொன்னது என் அண்ணன்தான். அந்த மனுஷன் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று இன்றைக்கும் அவரிடம் சொல்லிக் காட்டுவேன்.

ஆபரேஷன் பாதி, டியூப் பாதி

ஓட்டை இருக்கும் இடத்தைப் பொறுத்துக் கீழ்வழியாகவோ, வயிற்றைத் திறந்தோ, லேப்ராஸ்கோப்பியிலோ செய்வார்கள். தையல்களுக்கு நடுவில் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொழுப்புச் சதையை எடுத்து மெத்தைபோல வைப்பதும் உண்டு. அதெல்லாம் டாக்டரின் வேலை. வீட்டாரின் வேலை, மூத்திரப்பையிலிருக்கும் டியூப். இரண்டு வாரம், பல சமயம் மூன்று வாரம் இருக்கும். தைத்த பை ஒரு தடவை முட்ட நிரம்பினாலும் தையல் விட்டுப்போகலாம். பை காலியாகவே கிடக்க வேண்டும், இதுதான் மொத்த ரகசியம்.

இது 170 வருடமாகத் தெரிந்த ரகசியம். பிறப்புறுப்புப் பாதையை விரித்துப் பார்க்கும் கருவியை நர்சிங் படிக்கும்போது சிம்ஸ் ஸ்பெகுலம் என்று மனப்பாடம் செய்தோமே, அந்த டாக்டர் மேரியன் சிம்ஸ், இதே ஓட்டையை மூட 1840-களில் அமெரிக்காவின் அலபாமாவில், அனார்கா, பெட்சி, லூசி என்ற அடிமைப் பெண்கள் மேல் மயக்க மருந்தில்லாமல் திரும்பத் திரும்ப ஆபரேஷன் செய்து பழகினார். அனார்காவுக்கு மட்டும் 30 தடவை. கடைசியில் 1849-இல் கைகொடுத்தது வெள்ளிக் கம்பித் தையல். அதோடு பையைக் காலியாக வைக்க, தானே நழுவாமல் நிற்கும் ஒரு டியூபையும் அவர் செய்தார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவர் சிலையை 2018-இல் எடுத்துவிட்டார்கள். டியூபைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்த மூன்று பெயர்கள்தான்.

சரி, டியூபுக்கு வருவோம். மூத்திரம் வந்து சேரும் பிளாஸ்டிக் பையான யூரோபேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையைத் தொடக் கூடாது. கட்டில் சட்டத்தில் கொக்கி மாட்டுங்கள். நடக்கும்போது முழங்காலுக்குக் கீழே கையில் பிடியுங்கள். தோளிலும் மடியிலும் பேக்கை வைத்துக்கொண்டு ஆட்டோவில் வருகிறவர்களை எத்தனையோ தடவை கேட்டிலேயே பிடித்துத் திட்டியிருக்கிறேன். டியூபைத் தொடையில் பிளாஸ்திரி போட்டு ஒட்டி, கொஞ்சம் தொய்வு விடுங்கள். முக்கால் பங்கு நிறையும் முன்பே காலி செய்யுங்கள், முன்னும் பின்னும் சோப்பில் கை கழுவிக்கொண்டு. டியூபை எக்காரணம் கொண்டும் கிளிப் போட்டு அடைக்காதீர்கள். "பைக்குப் பயிற்சி" என்று பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்வார், அது இந்த ஆபரேஷனுக்கு இல்லை.

நன்றாகத் தண்ணீர் குடிக்கிறவருக்கு மணிக்குச் சுமார் 100 மில்லி இறங்கும். பேக்கில் அளவுக்கோடு இருக்கிறது, பார்த்துக்கொண்டே இருங்கள். பகலில் ஒரு மணி நேரம் கோடு நகரவில்லை என்றால் எழுந்து தேட வேண்டும். மதினி வீட்டுக்கு வந்த மூன்றாம் ராத்திரி, அலாரம் வைத்து இரண்டரைக்கு எழுந்தேன். பேக் 12 மணிக்கு இருந்த அதே 150-இல் நிற்கிறது. அடிவயிற்றைத் தொட்டேன், லேசாக உப்பல். போர்வையை விலக்கிப் பார்த்தால், ஒருக்களித்துப் படுத்தவரின் தொடைக்கு அடியில் டியூப் மடிந்து கிடந்தது. நிமிர்த்தி விட்டதும் சரசரவென்று இறங்கி, ஐந்து நிமிடத்தில் 300-ஐத் தாண்டியது. என் கை நடுங்கியது நிற்கக் காலை காப்பி வரை ஆனது.

மடிப்பு, பேக் மேலே ஏறியிருப்பது, வால்வ் மூடியிருப்பது, இந்த மூன்றையும் பார்த்தும் இறங்கவில்லை என்றால் உள்ளே ரத்தக்கட்டியோ சளியோ அடைத்திருக்கும். ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்திருந்தால் ஒழிய நீங்களாக சிரிஞ்சில் தண்ணீர் அடிக்காதீர்கள். விடியட்டும் என்றும் இருக்காதீர்கள். டியூப் நழுவி வெளியே வந்துவிட்டாலும் அப்படித்தான், தெருமுனை கம்பவுண்டரிடம் மறுபடி போடச் சொல்லாமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே உடனே போங்கள். பாதி நழுவிய டியூபை நீங்களாக இழுக்காதீர்கள், உள்ளே அதன் நுனியில் பலூன் ஊதியிருக்கும், இழுத்துப் பார்ப்பது புதுக் காயம்.

திடீரென்று அடிவயிறு இறுக்கிப் பிடித்து, டியூபின் ஓரமாகக் கொஞ்சம் வழியும். ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று வீடே அழும். பெரும்பாலும் அது பையின் பிடிப்பு. அதற்கு சோலிஃபெனாசின், டோல்டெரோடின் மாதிரி மாத்திரை கொடுப்பார்கள். வாய் காயும், மலம் இறுகும். முக்குவது தையலுக்கு ஆகாது, ராத்திரி ஈசப்கோலும் வாழைப்பழமும் முதல் நாளே தொடங்குங்கள். முதல் சில நாள் இளஞ்சிவப்பாக மூத்திரம் போவது பரவாயில்லை. கட்டி கட்டியாக ரத்தம், காய்ச்சல், பேக்கில் குறைந்து கீழே நனைவது, இவை பரவாயில்லை ரகம் கிடையாது.

டியூப் எடுக்கும் நாளில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே பார்த்து, கசிவு இல்லையென்றால்தான் எடுப்பார்கள். அப்புறம் கொஞ்ச நாள் இரண்டு மணிக்கு ஒரு தடவை, வராவிட்டாலும் போய் உட்கார வேண்டும். மாதக்கணக்கில் வேலையில்லாமல் சுருங்கிய பை, அடிக்கடி முட்டும், கொஞ்சம் எரியும். வாரங்களில் சரியாகும். தாம்பத்தியம் மூன்று மாதத்துக்குக் கூடாது, தண்ணீர்க் குடமும் அப்படித்தான். இதை டாக்டர் மனைவியிடம் மட்டும் சொன்னால் போதாது, கணவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பிரசவத்தில் வந்த ஓட்டையை மூடியவர்களுக்கு அடுத்த பிரசவம் சிசேரியன்தான்.

மதினிக்கு டியூப் எடுத்தது 21-ஆம் நாள். வார்டு பாத்ரூம் கதவுக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டது. வெளியே வந்து, பாவாடையைப் பின்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, "குழாய மூடிட்டேன், வேற தண்ணி சத்தம்னு நெனைக்காத" என்றார்.